யார் சொன்னது என்று சொல்லும் வழக்கம்

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்தால், இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டைத் தாண்டியதும் பென்னலூர். 1985இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. இன்னும் சில கிலோமீட்டர் மேற்கே போனால் ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயில். 1017இல் இராமாநுசர் பிறந்த ஊர். இந்தப் பகுதியின் பொறியியல் மாணவர்களுக்கு இறுதியாண்டு ப்ராஜெக்ட் அறிக்கை எழுதக் கற்றுக்கொடுப்பது என் வேலை. அதற்கு முன்பு இருங்காட்டுக்கோட்டையில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் தரப் பிரிவில் இருந்தேன்.

இரண்டாவது ரிவ்யூ நெருங்கும்போது மாணவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "சார், சிமிலாரிட்டி எத்தனை பர்சன்ட் வரைக்கும் விடுவீங்க?" பிறர் எழுத்தை எடுத்தால் யாருடையது என்று சொல்ல வேண்டும் என்பது கணினியோடும் மென்பொருளோடும் வந்த கட்டுப்பாடு என்றே அவர்கள் நம்புகிறார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் நம் மேல் சுமத்திய விதி என்று நினைப்பவர்களும் உண்டு. இந்த மண்ணில் அதற்கு ஆயிரம் ஆண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்ட பிள்ளைக்குப் பர்சன்ட் கணக்கு தேவைப்படுவதில்லை என்பது என் அனுபவம்.

இராமாநுசரிடமிருந்தே தொடங்கலாம். பிரம்ம சூத்திரத்துக்கு அவர் எழுதிய உரை ஸ்ரீபாஷ்யம். வணக்கச் செய்யுள் முடிந்து உரை தொடங்கும் இடத்திலேயே அவர் ஒரு செய்தியைப் பதிவு செய்கிறார்: போதாயனர் இந்தச் சூத்திரங்களுக்கு விரிவான விருத்தியுரை செய்தார், முன்னோரான ஆசாரியர்கள் அதைச் சுருக்கினார்கள், அவர்கள் கருத்தைப் பின்பற்றியே நான் சொல்லுக்குச் சொல் விளக்கப் போகிறேன். இந்த ஒரு வாக்கியத்தை வகுப்பில் நிதானமாகப் பிரித்துக் காட்டுவேன். மூலம் எது, அதை இடையில் சுருக்கியவர்கள் யார், தாம் நிற்கும் இடம் எது என்று மூன்று படிகளையும் அவர் தனித்தனியே சொல்லிவிடுகிறார். போதாயனர் பெயரை மட்டும் சொல்லி, நடுவில் இருந்தவர்களை விட்டிருந்தால் அவர் நூலுக்கு மதிப்பு கூடியிருக்கும் என்று நினைப்பவர்கள் இருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

வேதார்த்த சங்கிரகத்தில் இன்னும் விரிவாகவே பெயர் சொல்கிறார். போதாயனர், டங்கர், திரமிடர், குகதேவர், கபர்தி, பாருசி என்று தமக்கு முன் இந்த வழியில் நடந்தவர்களை வரிசைப்படுத்துகிறார். கீதைக்கு உரை எழுதும்போது தம் ஆசிரியர்களின் ஆசிரியரான ஆளவந்தாரை வணங்கித் தொடங்குகிறார். கீதையின் பொருளைச் சுருக்கித் தந்த கீதார்த்த சங்கிரகம் ஆளவந்தார் செய்தது.

போதாயன விருத்தியைப் பார்க்க இராமாநுசர் தம் சீடர் கூரத்தாழ்வானோடு காஷ்மீரம் வரை போனார் என்று குருபரம்பரை நூல்கள் சொல்லும். ஓலையைப் படிக்க விட்டார்களாம், படியெடுக்க விடவில்லையாம். இரவுகளில் படித்ததைக் கூரத்தாழ்வான் நெஞ்சில் ஏற்றிக்கொண்டார், அதைக் கொண்டே பாஷ்யம் எழுந்தது என்பது மரபு. கூரத்தாழ்வானின் ஊரான கூரம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. என் அப்பா கோயில் காலட்சேபங்களில் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு வந்து வீட்டில் சொல்வார். ஒரு மூலநூலைக் கண்ணால் பார்ப்பதற்கு இத்தனை பாடா என்று சிறுவயதில் வியந்திருக்கிறேன். இன்று பதினைந்து மூலக் கட்டுரைகளைத் திறந்துகூடப் பார்க்காமல், இன்னொருவர் அறிக்கையிலிருந்து அவற்றின் பட்டியலை மட்டும் தூக்கி ஒட்டும் மாணவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

இராமாநுசர் வாழ்விலேயே, ஆசிரியர் சொல் எது, தன் சொல் எது என்ற கேள்வி ஒரு பெரிய சச்சரவாக எழுந்தது. ஆளவந்தாரின் சீடரான திருமாலையாண்டான் இராமாநுசருக்கு நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்குப் பொருள் சொல்லிவந்தார். சில பாசுரங்களுக்கு இராமாநுசர் வேறு பொருளும் படுகிறதே என்றார். ஆண்டானுக்கு அது பொறுக்கவில்லை. ஆளவந்தார் சொல்லி நான் கேளாத பொருள் இது, விசுவாமித்திர சிருஷ்டி, அதாவது புதிதாகப் படைத்துக்கொண்டது என்று சொல்லிப் பாடத்தையே நிறுத்திவிட்டார். ஆளவந்தாரின் இன்னொரு சீடரான திருக்கோட்டியூர் நம்பி இருவருக்கும் இடையில் வந்து, இராமாநுசர் சொன்ன அதே பொருளை ஆளவந்தார் சொல்லித் தாம் கேட்டதுண்டு என்று சாட்சி சொன்ன பிறகே பாடம் தொடர்ந்தது. ஆண்டானின் கோபத்தில் ஒரு நேர்மை இருக்கிறது. ஆளவந்தார் பெயரால் சொல்லப்படுவது ஆளவந்தார் சொன்னதாக இருக்க வேண்டும் என்பதே அவர் கவலை. புதிய பொருள் சொல்ல இடம் உண்டு. அது யாருடைய பொருள் என்பது கலங்கிவிடக் கூடாது.

பின்னால் வந்த உரைகள் இந்தக் கவலையைத் தங்கள் எழுத்துமுறையாகவே ஆக்கிக்கொண்டன. திருவாய்மொழிக்கு ஐந்து பேருரைகள் உண்டு. திருக்குருகைப்பிரான் பிள்ளானின் ஆறாயிரப்படி, நஞ்சீயரின் ஒன்பதினாயிரப்படி, வாதிகேசரி அழகிய மணவாள சீயரின் பன்னீராயிரப்படி, பெரியவாச்சான் பிள்ளையின் இருபத்துநாலாயிரப்படி, நம்பிள்ளை சொல்ல வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிவைத்த ஈடு முப்பத்தாறாயிரப்படி. ஒரு படி என்பது 32 எழுத்து. உரையின் அளவே அதன் பெயர். ஈட்டைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் பெயர்கள் வரும். இது ஆளவந்தார் சொன்னது, இது எம்பார் அருளிச்செய்தது, இது பட்டர் நிர்வாகம் (விளக்கம்) என்று ஒவ்வொரு கருத்தையும் அதன் சொந்தக்காரரோடு சேர்த்தே வைத்திருக்கிறார்கள். ஒரே பாசுரத்துக்கு இரண்டு ஆசிரியர்கள் இரண்டு பொருள் சொல்லியிருந்தால் இரண்டும் இரண்டு பெயரில் அடுத்தடுத்து நிற்கும். ஈட்டின் ஆசிரியர் வடக்குத் திருவீதிப் பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போகாமல், பொருள் நம்பிள்ளையுடையது, ஏடுபடுத்தியது இவர் என்று இன்றுவரை பிரித்தே சொல்கிறோம்.

நம்பிள்ளையைப் பற்றி இன்னொரு வரலாறு உண்டு. நஞ்சீயர் தம் ஒன்பதினாயிரப்படியை நல்ல கையெழுத்தில் படியெடுக்கக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு போன இளைஞர் வரதராசன், காவிரியை நீந்திக் கடந்தபோது ஓலையை வெள்ளத்தில் பறிகொடுத்தார். கேட்டதை நினைவில் கொண்டு முழுவதையும் திரும்ப எழுதினார். சில இடங்களில் தமக்குத் தோன்றிய பொருளும் சேர்ந்துவிட்டது. படித்துப் பார்த்த நஞ்சீயர் தாம் எழுதாதவை இருப்பதைக் கண்டுகொண்டு, என்ன நடந்தது என்று கேட்டார். அஞ்சி நின்றவர், பிறகு நடந்ததை நடந்தபடி சொன்னார். நஞ்சீயர் மகிழ்ந்து, நம்முடைய பிள்ளை என்று அணைத்துக்கொண்டதால் அவருக்கு நம்பிள்ளை என்ற பெயர் வந்தது என்பார்கள். சேர்த்தது எது என்று ஆசிரியருக்குத் தெரிந்ததும், சேர்த்தவரின் திறமையும் தெரிந்தது. மறைத்திருந்தால் அந்த நல்ல பொருள்கள் நஞ்சீயர் கணக்கில் போயிருக்கும். சீடர் யார் என்பதே உலகுக்குத் தெரியாமல் போயிருக்கும்.

இந்த மரபில் எனக்கு மிக நெருக்கமானவர் மணவாள மாமுனிகள். 1370இல் ஆழ்வார்திருநகரியில் பிறந்தவர். காஞ்சிபுரத்துக்கு வந்து கிடாம்பி நாயனாரிடம் ஸ்ரீபாஷ்யம் கேட்டவர். அவர் செய்த இரண்டு வேலைகளை மாணவர்களுக்குத் தவறாமல் சொல்கிறேன்.

முதலாவது, பிரமாணத் திரட்டு. ஈட்டில் வேதம், இதிகாசம், புராணம் என்று எங்கெங்கிருந்தோ மேற்கோள்கள் வந்து குவிந்திருக்கும். சொற்பொழிவில் சொன்னவை என்பதால் அவை பாதி அடியாகவும் ஒற்றைச் சொல்லாகவும் நிற்கும். கூடியிருந்த அறிஞர்களுக்கு அது போதும். தலைமுறைகள் தாண்டி வந்தவர்களுக்குப் போதாது. மாமுனிகள் அந்த மேற்கோள்களுக்கு மூலம் தேடித் திரட்டினார். தத்துவத்திரயம், ஸ்ரீவசனபூஷணம் ஆகிய நூல்களுக்கும் இப்படித் திரட்டினார். சுவடிக் காலத்தில், தேடுபொறி இல்லாத காலத்தில், பிறர் நூலுக்கு மேற்கோள் பட்டியல் தயாரிப்பதை ஒரு பேராசிரியர் தம் தகுதிக்குக் குறைவான வேலையாக நினைக்கவில்லை.

இரண்டாவது, பெரியாழ்வார் திருமொழி உரை. பெரியவாச்சான் பிள்ளை அதற்கு எழுதிய உரையின் பெரும்பகுதி அழிந்துபோயிருந்தது. மாமுனிகள் முழுவதற்கும் புதிதாக எழுதியிருக்கலாம். அழிந்துபோன பகுதிக்கு மட்டும் எழுதினார். பழைய உரை எந்த இடத்தில் மிஞ்சி நின்றதோ, அந்த இடம் வரை வந்து எழுத்தாணியை நிறுத்தினார். இன்றும் அந்த நூலைத் திறந்தால், இதுவரை இவர், இனி அவர் என்று எல்லை தெளிவாகத் தெரியும். லிட்டரேச்சர் சர்வே எழுதும் மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் நான் கண்டதில்லை. பல அறிக்கைகளில் ஒரு பத்தியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் ஓர் எண் இருக்கும். அந்தப் பத்தியில் எத்தனை வாக்கியம் அந்தக் கட்டுரையுடையது, எத்தனை மாணவருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. எண் போட்டுவிட்டதால் கடமை தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். எல்லை தெரியாத மேற்கோளும் ஒருவகையில் பிறர் நிலத்தில் வேலி போடுவதுதான்.

வைணவ உரைகளுக்கு வெளியேயும் இதே ஒழுக்கத்தைத் தமிழில் காணலாம். தொல்காப்பியம் விதி சொல்லும்போது பல இடங்களில் புலவர் இப்படிச் சொல்வர் என்று முன்னோர் மேல் ஏற்றியே சொல்கிறது. வழிநூல்களைத் தொகுப்பது, விரிப்பது, இரண்டையும் செய்வது, மொழிபெயர்ப்பது என்று நான்காக வகுத்து வைத்திருக்கிறது. நன்னூல் ஒரு நூலின் சிறப்புப் பாயிரத்தில் எட்டுச் செய்திகள் வேண்டும் என்கிறது: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். எழுதியவர் பெயருக்கு அடுத்தபடியாக, இந்த நூல் எதன் வழியே வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அது நூலின் தொடக்கத்திலேயே வாசகருக்குத் தெரிய வேண்டும்.

சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் இதில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். சில பாடல்களைப் பாடியவர் பெயர் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பெயரில்லாமல் விட மனம் வராமல், பாடலிலேயே வரும் ஓர் அழகான தொடரைப் புலவருக்குப் பெயராக வைத்தார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார், குப்பைக் கோழியார் எல்லாம் அப்படி வந்த பெயர்கள். இணையத்தில் எடுத்த படத்துக்குக் கீழே "கூகுள்" என்று மட்டும் எழுதிவரும் மாணவருக்கு இந்தப் பெயர்களைச் சொல்வேன். யார் என்று தெரியாவிட்டாலும், யாரோ ஒருவர் இருக்கிறார் என்பதை மறக்காதவர்கள் அவர்கள்.

எல்லோரும் எப்போதும் மூலம் சொன்னார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சீவக சிந்தாமணிக்கு உரை செய்த நச்சினார்க்கினியர் பல இடங்களில் பிற நூல்களின் அடிகளைக் காட்டி, "என்றார் பிறரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார். கேட்பவருக்கு அந்த நூல்கள் மனப்பாடமாக இருந்த காலத்தில் அது குறையில்லை. சுவடிகள் மறைந்து, படிப்பு அறுந்து, 19ஆம் நூற்றாண்டில் உ.வே. சாமிநாதையர் கைக்கு அந்த உரை வந்தபோது, அந்தப் பிறர் யார் என்று சொல்ல ஆளில்லை. சேலம் இராமசுவாமி முதலியார் 1880இல் சிந்தாமணியைப் படிக்கத் தூண்டியதிலிருந்து 1887இல் நூல் அச்சாகும்வரை, ஐயரின் உழைப்பில் பெரும்பங்கு அந்தப் பிறரைத் தேடுவதில் போனது. மடத்துச் சுவடிகளில் பத்துப்பாட்டையும் எட்டுத்தொகையையும் புரட்டும்போது, உரையில் கண்ட அடிகள் அங்கே இருப்பதைக் கண்டு அவர் பட்ட மகிழ்ச்சியை என் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். தம் பதிப்புகளில் மேற்கோள்களின் இருப்பிடத்தைக் குறித்தார். இடம் தெரியாதவற்றை விளங்கா மேற்கோள் என்று தனியே தொகுத்துக் காட்டினார். சுவடி தந்து உதவியவர்களின் பெயர்களை முன்னுரையில் எழுதினார். ஒருவர் சொல்லாமல் விட்ட மூலம், இன்னொருவர் வாழ்நாளில் பல ஆண்டுகளைத் தின்றது. மூலம் சொல்வது பின்னால் வருபவருக்குச் செய்யும் உதவி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அச்சுக் காலம் வந்தபின் வேறொரு சிக்கல் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரெயினால்ட்ஸ் போன்றவர்களின் ஆங்கில நாவல்கள் தமிழ்ப் பெயர்களும் தமிழ் ஊர்களும் பூண்டு ஏராளமாக வந்தன. 1930களில் தழுவலுக்கும் மொழிபெயர்ப்புக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றிப் புதுமைப்பித்தன் கடுமையாக வாதாடினார். பிறகு அவருடைய சில கதைகளைப் பற்றியே அதே கேள்வி எழுந்து, அந்த விவாதம் பல பத்தாண்டுகள் நீடித்தது. மூலத்தை முதலிலேயே சொல்லிவிட்டால் ஒரு வரியில் முடிந்துபோகும் செய்தி, சொல்லாமல் விட்டால் எழுதியவர் மறைந்த பிறகும் முடிவதில்லை.

இப்போது நம் காலத்துக்கு வருகிறேன். பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் ஆய்வேடுகளை மின்னணு வடிவில் தர வேண்டும் என்று விதித்தது; காந்திநகரிலுள்ள இன்ஃபிலிப்நெட்டின் சோத்கங்காவில் அவை எல்லோர் பார்வைக்கும் வந்தன. 2018 ஜூலையில் எழுத்துத் திருட்டைத் தடுப்பதற்கென்றே தனி ஒழுங்குமுறை வந்தது. ஒற்றுமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு திருத்திய ஆய்வேட்டைத் தர முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. தொடர்ச்சியாக 14 சொற்கள் வரையிலான பொதுவான தொடர்கள், முறையாக மேற்கோள் குறியிட்டுப் பெயர் சொன்ன பகுதிகள், துணைநூற் பட்டியல் ஆகியவை கணக்கில் வராது.

பலருக்குத் தெரியாத ஒன்று அந்த ஒழுங்குமுறையில் இருக்கிறது. முதுகலை, ஆய்வுப் பட்டங்களுக்கான ஆய்வேடுகளுக்கும், வெளியிடப்படும் கட்டுரைகளுக்கும் நூல்களுக்குமே அது பொருந்தும். அசைன்மென்ட், ப்ராஜெக்ட் அறிக்கை, விடைத்தாள் போன்றவற்றை அது வெளிப்படையாகவே விலக்கிவைத்திருக்கிறது. அதாவது, பி.இ. மாணவர் முதன்முதலாக எழுதும் நீண்ட எழுத்து இந்தத் தேசிய விதிக்கு வெளியே நிற்கிறது. அங்கே பழக்கத்தை உண்டாக்க வேண்டியது ஆசிரியர். உண்டாக்காவிட்டால் அந்த இடத்தை ப்ராஜெக்ட் சென்டர்கள் நிரப்புகின்றன. ஒரு பேஸ் பேப்பர், அதற்கு ஒரு ப்ரோகிராம் கோடு, சட்டை மாதிரி அட்டை மட்டும் மாற்றிய ஓர் அறிக்கை என்று பணம் கொடுத்தால் எல்லாம் கிடைக்கிறது. முதல் பக்கத்தில் போனஃபைட் சான்றிதழ் இருக்கும். இந்த மாணவர்கள் செய்த உண்மையான வேலை இது என்று அதில் கையெழுத்தும் இருக்கும். அந்தக் கையெழுத்தின் எடை எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

நான் தொழிற்சாலையில் இருந்தபோது, கார் கம்பெனிக்குப் போகும் ஒவ்வொரு பாகத்திலும் பேட்ச் எண் இருக்கும். எந்த வார்ப்பு, எந்தக் கம்பி, எந்த ஷிஃப்ட் என்று அந்த எண்ணைக் கொண்டு பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம். எண் இல்லாத பாகம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சிவப்புப் பெட்டிக்குத்தான் போகும். இந்தச் சாலையின் இருபுறமும் வேலைக்குப் போகப்போகிற பிள்ளைகளுக்கு இது உடனே புரிகிறது. ஓர் அறிக்கையில் உள்ள எண்ணும் வரைபடமும் வாக்கியமும் எங்கிருந்து வந்தன என்று பின்னோக்கிப் போக முடிய வேண்டும். முடியாவிட்டால் அதை நம்பி யாரும் எதையும் செய்ய முடியாது.

ஆகையால் அறிக்கை முடிந்தபின் மென்பொருளில் போட்டுப் பார்ப்பதை நான் கடைசி வேலையாகவே வைத்திருக்கிறேன். முதல் வேலை நோட்டில் நடக்க வேண்டும். ஒரு கட்டுரையைப் படிக்கத் தொடங்கும் முன்பே ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, பக்கம் ஆகியவற்றை எழுதிவிட வேண்டும். அவர்களுடைய சொல்லை அப்படியே எடுத்தால் அப்போதே மேற்கோள் குறி போட வேண்டும். பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால், ஒரு மாதம் கழித்து அது தன் வாக்கியம் போலவே தோன்றும். கருத்தை மட்டும் எடுப்பதானால் கட்டுரையை மூடிவைத்து, புரிந்ததை நண்பனிடம் சொல்வது போல் எழுத வேண்டும். எழுதிய பிறகு திறந்து சரிபார்க்க வேண்டும். திறந்துவைத்துக்கொண்டே சொல்லுக்குச் சொல் மாற்றினால் வாக்கியம் அவர்களுடையதாகவே இருக்கும். தான் படிக்காத கட்டுரையைப் படித்ததாகக் காட்டக் கூடாது. இன்னொருவர் வழியாகத் தெரிந்துகொண்டால், இராமாநுசர் செய்தது போல, அந்த இடைப்பட்டவரையும் சொல்ல வேண்டும். படம், அட்டவணை, ப்ரோகிராம் கோடு எல்லாவற்றுக்கும் இதுவே விதி.

"சார், சாட்ஜிபிடி எழுதினதுக்கு யார் பேரைப் போடுறது?" என்று இப்போது கேட்கிறார்கள். எந்தக் கருவியை எதற்குப் பயன்படுத்தினாய் என்று அறிக்கையிலேயே எழுது என்கிறேன். அது தரும் துணைநூற் பட்டியலை அப்படியே நம்பாதே. ஒவ்வொன்றையும் திறந்து, கட்டுரை உண்மையில் இருக்கிறதா என்று பார். இல்லாத கட்டுரைகளை அது உண்டாக்கித் தந்ததை நானே பல அறிக்கைகளில் கண்டிருக்கிறேன். வழி தெரியாத நூலை நன்னூலார் ஏற்றிருக்க மாட்டார்.

வைவாவில் நான் ஒரு பக்கத்தைத் திறந்து, இது யாருடைய வாக்கியம் என்று கேட்பேன். நோட்டு வைத்திருந்த மாணவர்கள் தயங்குவதில்லை. இந்தச் சமன்பாடு இந்தக் கட்டுரையிலிருந்து, இந்தப் படம் அந்தக் கையேட்டிலிருந்து, இந்த மூன்று பக்கம் மட்டும் நாங்கள் ஒரகடம் பட்டறையில் அளந்தது என்று விரல் வைத்துக் காட்டுவார்கள். அந்த மூன்று பக்கம் உலகில் வேறு எங்கும் இல்லாதது. மற்ற நாற்பது பக்கத்துக்கும் உரியவர்களின் பெயரைச் சொன்னதால்தான் அது தனித்துத் தெரிகிறது. பிறருடையதைப் பிறருக்குக் கொடுத்துவிட்ட மாணவர் தன்னுடையதைத் துணிந்து கேட்கலாம். அவருக்குத்தான் நான் முழு மதிப்பெண் போடுகிறேன்.